மச்சச் சட்டியும் சைவச் சட்டியும்: ரீச்சர் பதில்கள்

நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிப் பத்து நாளாகிறது. இந்த மாதம் என் மேசைக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வயிற்றைப் பற்றியவை. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, தின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரே கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் முப்பத்திரண்டு வருடம் மனையியல் படிப்பித்தவள், ஆகமம் படித்தவள் அல்ல. விதி வேண்டுமென்றால் உங்கள் கோயில் ஐயரைக் கேளுங்கள். அடுப்படியில் நடப்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: ரீச்சர், நான் குருநகரில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பிள்ளை, கத்தோலிக்கம். விரும்பிக் கலியாணம் முடித்து இப்போது கோண்டாவிலில் மாமி வீட்டில் இருக்கிறேன். நல்லூர் முடியும்வரை 25 நாளும் இங்கே மச்சம் இல்லை. எனக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. போன கிழமை அம்மா வீட்டுக்குப் போய் விளைமீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாமி படலையில் வைத்தே, "கிணத்தடிக்குப் போய் முழுகிப்போட்டு உள்ளுக்கு வா பிள்ளை" என்றா. அன்று இரவு முழுக்க அழுதேன். நான் செய்தது பிழையா?
– கோண்டாவில் மருமகள்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதம் நாலு பக்கம். நான் அதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நாலு பக்கத்திலும் மாமி வருகிறார். கணவர் ஒரு வரியில்கூட இல்லை. நீங்கள் கிணற்றடிக்குப் போன நேரம் அவர் எங்கே நின்றவர்?

சும்மா கேட்கவில்லை. உங்களுக்கான பதில் அவரிடம்தான் இருக்கிறது. இந்த 25 நாளுக்குள் அவர் ரவுணில் சிநேகிதர்களோடு கோழிப் புரியாணி தின்றுவிட்டு வந்தால், மாமி அவரையும் முழுகச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அது அந்த வீட்டு வழக்கம், உங்கள்மேல் வெறுப்பில்லை. மகனுக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு வேறொரு நியாயம் என்றால் அழுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது மீன் வெறும் சாட்டு.

வழக்கம் என்று நான் சொல்வது என்ன? நான் வளர்ந்த இணுவில் வீட்டில் குசினிக்குள் இருந்தவை சைவச் சட்டிகள் மட்டும். மச்சச் சட்டி, மீன் வெட்டும் கத்தி, பலகை எல்லாம் பின்தாழ்வாரத்தில் தனிக் குடித்தனம். செவ்வாய், வெள்ளி மச்சம் இல்லை. வியாழன் இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா குசினியைக் கழுவி, அடுப்பை மெழுகி, மறுநாள் தோய்ந்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். எங்கள் வீட்டுப் பூனைக்கு வெள்ளிக்கிழமை தெரியும். அன்றைக்கு அது எங்கள் பக்கம் திரும்பியும் பாராமல் வேலியால் பாய்ந்து பக்கத்து வளவுக்குப் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், 'மச்சம்' என்ற சொல்லுக்குப் பொருளே மீன்தான். விட்டுணு எடுத்த முதல் அவதாரம் மச்சாவதாரம். நாங்கள் ஆட்டையும் கோழியையும் முட்டையையும்கூட அந்த மீன் பேருக்குள்ளே அடக்கிவிட்டோம். கடல் சூழ்ந்த ஊரில் விலக்க வேண்டிய முதல் ஆசை மீன்தானே. மறுபக்கத்தில் மரக்கறிச் சாப்பாட்டுக்குச் சமயத்தின் பேரையே வைத்து 'சைவம்' என்கிறோம்.

உங்கள் பக்கம் கணக்கு நேர்மாறு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை உங்கள் அம்மம்மா இறைச்சி தொட்டிருக்கமாட்டார். ஆனால் பாரையோ சூடையோ சட்டியில் கொதித்திருக்கும். திருச்சபை விலக்கியது நிலத்தில் திரியும் மிருகத்தின் இறைச்சியையும் பறவையையும், மீனை அல்ல. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: 18 வயதிலிருந்து 59 வயதுவரை உள்ளவர்கள் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவார்கள். இறைச்சியை விலக்குவது 14 வயதிலிருந்து. அதற்கு உங்கள் பழைய செபப்புத்தகத் தமிழில் 'சுத்தபோசனம்' என்று பேர். பார்த்தீர்களா, உங்கள் அம்மம்மா வாயிலும் அந்தச் 'சுத்தம்' இருந்திருக்கிறது. மாமிக்கு விரதத்தைக் கெடுக்கிற அதே மீன்தான் உங்கள் அம்மம்மாவின் சுத்தபோசனத்தைக் காப்பாற்றியது.

ஆகவே செய்யவேண்டியது இது. மீன் ஆசை வந்தால் அம்மா வீட்டுக்குப் போங்கள். ஒளித்துப் போகவேண்டாம், சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பிட்டு, அங்கேயே முழுகி, உடுப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள். படலையில் நடக்கும் நாடகம் அதோடு முடியும். அடுத்த மாசியிலோ பங்குனியிலோ உங்கள் தவக்காலம் வரும். அந்த வெள்ளிக்கிழமைகளில் மாமி வைக்கிற மரக்கறியை நீங்கள் சந்தோசமாகச் சாப்பிடுவீர்கள். "இன்றைக்கு எனக்கும் விரதம் மாமி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். அவருக்கு அது புரியும். விரதம் என்ற சொல் விளங்காத மாமி யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை.

கேள்வி: நான் ஸ்காபுறோவில் பிறந்தவன், வயது 17. எங்கள் அம்மம்மா "நாங்கள் சைவம்" என்று எப்போதும் சொல்லுவா. ஆனால் தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் கறி அவதான் வைப்பா. என்னுடைய குஜராத்தி நண்பன் இதைக் கேட்டுத் திகைத்துப் போனான். இது முரண் இல்லையா?
– ஒரு பேரன், கனடா

பதில்: தம்பி, உமது நண்பன் திகைத்ததில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் "நீங்கள் சைவமோ?" என்று யாரும் கேட்டால் முதலில் எங்கே நின்று கேட்கிறார் என்று பார்க்கவேண்டும். கோயில் வாசலில் கேட்டால் சமயம். சாப்பாட்டுப் பந்தியில் கேட்டால் கறி. அம்மம்மா முதலாவதைச் சொல்கிறா, நீர் இரண்டாவதாக விளங்கிக்கொள்கிறீர். ஐயர்மார் வீட்டிலும், தீட்சை எடுத்து நியமமாக இருப்பவர்கள் வீட்டிலும் வருடம் முழுக்கச் சைவச் சாப்பாடு. அவர்களைச் 'சுத்த சைவம்' என்போம். மற்ற எங்களுக்குச் சைவம் என்பது நாட்காட்டியில் இருக்கிறது.

தீபாவளி ஆடு தனிக் கதை. அந்தக் காலத்தில் ஏழெட்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவார்கள். பங்கு இறைச்சி என்று பேர். விடியப்புறம் யாரோ ஒருவரின் பின்வளவில் பூவரச மரத்தில் தூக்கி உரித்து, வாழையிலைகளை வரிசையாக விரித்துப் பங்கு வைப்பார்கள். ஈரல் ஒரு துண்டு, குடல் கொஞ்சம், எலும்பு, சதை என்று எல்லா இலைக்கும் எல்லாம் வரவேண்டும். ஒரு இலையில் ஈரல் குறைந்துவிட்டதென்று இரண்டு வருடம் பேசாமல் இருந்த இரண்டு அண்ணன்தம்பியை எனக்குத் தெரியும்.

இனி அம்மம்மாவைக் கவனியும். புரட்டாதியில் விசயதசமியன்று தொடங்கும் கேதாரகௌரி விரதம் 21 நாள். முடிவது ஐப்பசி அமாவாசையில், அதாவது தீபாவளியை ஒட்டி. அதற்கு மறுநாள் பிரதமை, கந்தசட்டி தொடங்கிவிடும். கௌரிக் காப்புக் கட்டுகிற பெண்ணும் கந்தசட்டி விரதம் பிடிக்கிற ஆணும் இருக்கிற வீட்டில் ஆட்டுக்கறிக்குக் கிடைப்பது ஒரு மத்தியானம்தான். எங்கள் அம்மா கௌரி விரதத்தோடு அந்தக் கறியை வைப்பார். வாயில் வைத்துப் பார்க்கமுடியாது. "பிள்ளை, உப்புப் பார்" என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுத் தீபாவளி உப்புக்கு நான்தான் பொறுப்பு. தீபாவளி வெள்ளிக்கிழமையில் வந்தால் பல வீடுகளில் ஆடு தப்பிவிடும்.

முரண்தான் தம்பி. ஆனால் தான் தின்னாததை மற்றவர்களுக்கு ருசியாகச் சமைத்துப் போடுகிற ஒருத்தியை உமது நண்பனுக்குக் காட்டிவிட்டு, பிறகு அவனைத் திகைக்கச் சொல்லும்.

கேள்வி: என் கணவருக்குச் சீனி வருத்தம், 11 வருடமாகக் குளிசை. இந்தமுறை கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான் என்று நிற்கிறார். முருகன் பார்த்துக்கொள்வார் என்கிறார். நான் என்ன செய்ய?
– கவலையில் ஒரு மனைவி, சுன்னாகம்

பதில்: முருகன் பார்த்துக்கொண்ட ஒரு கதை சொல்கிறேன். என் வீட்டுக்காரரும் இப்படித்தான். இன்சுலின் போடத் தொடங்கிய முதல் வருடம். ஊசியையும் விடவில்லை, விரதத்தையும் விடவில்லை. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கப் போனோம். கூட்டத்துக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார். சுற்றி நின்றவர்கள் "உரு வந்திட்டுது, உரு வந்திட்டுது" என்று விலகி இடம் விட்டார்கள். ஒருவர் திருநீறு போட்டார். ஒரு அம்மா காலில் விழுந்து மகளின் கலியாணத்தைப் பற்றிக் கேட்கவும் தொடங்கிவிட்டா. பக்கத்தில் கச்சான் விற்ற பையன்தான், "அன்ரி, எங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தான் வாறது" என்று ஒரு சோடாவை உடைத்து அவர் வாயில் வைத்தான். பத்து நிமிசத்தில் மனிசன் தெளிந்துவிட்டார். அந்தப் பையனை நான் வேலவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று கோயிலில் நின்ற எவரையும்விட அவனுக்கு விசயம் தெரிந்திருந்தது.

இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இப்படித்தான் வரும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் பட்டினி கிடந்தால் இந்த ஆபத்து அதிகம். சட்டிக்கு இரண்டு கிழமை முன்பே அவரை டொக்டரிடம் கூட்டிப்போங்கள். எந்தக் குளிசை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர் மாற்றித் தருவார், நீங்களாக மாற்றவேண்டாம். மயக்கக் குணம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். விரதம் அதோடு முறிந்தது, மறுபேச்சு இல்லை.

மிளகும் தண்ணீரும் ஒன்றுதான் விரதம் என்று யார் சொன்னது? பால், பழம் எடுத்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருநேரம் சோறு சாப்பிட்டுப் பிடிப்பவர்கள்தான் ஊரில் கூட. எல்லாருக்கும் ஏழாம் நாள் பாரணை ஒன்றுதான். முஸ்லிம்களின் வேதத்திலேயே நோயாளியும் பயணியும் நோன்பை வேறு நாளில் பிடிக்கலாம் என்று இருக்கிறது. கத்தோலிக்கரும் நோயாளியிடம் ஒருசந்தி கேட்பதில்லை. எங்கள் ஆண்கள் மட்டும் ஏன் கடவுளைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் பிள்ளை சோனகத் தெருவில் இருக்கிறாள். நோன்புக்கு எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தாள். அதற்குள் இறைச்சி இருக்கும் என்று அம்மா வாங்கி வைத்துவிட்டு ஊற்றிவிட்டா. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் திருப்பி என்ன கொடுக்கலாம்?
– வண்ணார்பண்ணை வாசகி

பதில்: ஊற்றியது பிழை. வாங்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. சைவ வீடென்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் இறைச்சி போடாத கஞ்சி வந்திருக்கும். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், றம்பை; இறைச்சி இல்லாமலும் அது நோன்புக் கஞ்சிதான். அடுத்த வருடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கொண்டுவருவாள்.

திருப்பிக் கொடுப்பதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மரக்கறிச் சாப்பாட்டில் அவர்களுக்கு ஹலால் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள். பிள்ளையாருக்கு வைத்த மோதகத்தை அன்போடு கொண்டுபோய்க் கொடுத்து அவளைச் சங்கடத்தில் மாட்டவேண்டாம். படைக்கமுன் கொஞ்சத்தைத் தனியே எடுத்துவைத்து, "இது படைக்காதது" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பேரீச்சம்பழம் எப்போதும் நல்லது. மஃரிப் பாங்கு கேட்டதும் அதைத்தான் முதலில் வாயில் வைப்பார்கள்.

என்னோடு படித்த ஒருத்தி அந்தத் தெருவில் இருந்தவள். பள்ளிக்கூடத்தில் என் புட்டுக்கும் முட்டைப்பொரியலுக்கும் அவளுடைய வட்டிலப்பம் மாறும். வெள்ளிக்கிழமையில் வட்டிலப்பத்துக்குள் முட்டை இருக்கிறதென்று நான் தின்னமாட்டேன். அவள் எனக்காக ஒரு வாழைப்பழம் கொண்டுவருவாள். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி ரவுண் முஸ்லிம்கள் எல்லாரும் சில மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது அவளும் போனாள். புத்தளத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தெருவிலிருந்து மறுபடி ஒரு கஞ்சிப் பாத்திரம் உங்கள் வீட்டுக்கு வருகிறதென்றால், அதை ஊற்ற மனம் வரக்கூடாது.

கேள்வி: கண்ணப்பநாயனார் சிவனுக்குப் பன்றியிறைச்சி படைத்தார். சிவனே ஏற்றுக்கொண்டார். அப்படியென்றால் நாங்கள் கோயிலுக்கு மச்சம் தின்றுவிட்டுப் போனால் என்ன?
– சாவகச்சேரி மாணவன்

பதில்: கேள்வி நல்லது. சமய ரீச்சரிடம் கேட்டு அடி வாங்கியிருப்பீர் போலிருக்கிறது.

அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார் தம்பி, சிவகோசரியார். தினமும் காலையில் வந்து, லிங்கத்தைச் சுற்றிக் கிடக்கும் எலும்பையும் இறைச்சியையும் கண்டு துடித்து, கூட்டித் துப்புரவாக்கி, திருமஞ்சனம் ஆட்டிவிட்டுப் போகிறவர். சிவன் அவருடைய பூசையையும் தள்ளவில்லை. கதை இருவரையும் வைத்திருக்கிறது. நாங்கள் பரம்பரையாக எடுத்துக்கொண்டது சிவகோசரியாரின் விளக்குமாற்றை. 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். கொலை, புலால், கோயிலில் உயிர்ப்பலி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கண்டித்தவர் அவர். இன்றைக்குச் சைவவீட்டுப் பிள்ளைகள் மச்சம் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூசுவதில் பாதி அவர் படிப்பித்த பாடம். அதே நாவலர் 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குக் கஞ்சி ஊற்றினார் என்பதையும் சேர்த்துப் படியும்.

கண்ணப்பர் பக்கமும் செத்துவிடவில்லை. வைரவருக்கும் அண்ணமாருக்கும் வேள்வி வைத்துக் கிடாய் வெட்டிய கோயில்கள் வலிகாமத்தில் இருந்தன. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில் மிருகபலிக்குத் தடை விதித்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. தடையை வரவேற்றவர்களில் எத்தனை பேர் அந்தத் தீபாவளிக்குப் பங்கு இறைச்சி வாங்கினார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை.

கேள்வி: பறங்கியர் காலத்தில் சைவர்கள் விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள் ஒளித்தார்கள் என்று தாத்தா சொல்வார். ஏன் இலையை ஒளிக்கவேண்டும்?
– மானிப்பாய் வாசகர்

பதில்: வெளியே எறிந்தால் இலை காட்டிக்கொடுக்கும். எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658வரை ஆண்டார்கள், பிறகு ஒல்லாந்தர். கோயில்கள் இடிபட்டன, சைவ அனுட்டானம் மறைவில் நடந்தது. அந்த நாட்களில் விரதக்காரர் சாப்பிட்ட இலையைக் கூரையின் இறப்பில் செருகி வைத்தார்கள் என்பதுதான் வழிவழிக் கதை.

இன்னொரு கதையும் அந்தக் காலத்தது. அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்து ஒவ்வொரு நாளும் ஒரு பசு கொடுக்கவேண்டும் என்று கட்டளையாம். திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் வீட்டுக்கு முறை வந்தது. அவர் பசுவைக் கொடுக்க மனமில்லாமல் அன்றிரவே ஊரைவிட்டு ஓடி, கடல் கடந்து இந்தியாவுக்குப் போய், பெரிய பண்டிதராகித் துறவியும் ஆனார் என்பார்கள். சிதம்பரத்தில் அவர் பேரில் குளம் இன்றும் இருக்கிறது. ஒரு மாட்டுக்காக ஊரையே விட்டவர். சந்தைக்குப் போய் மாட்டிறைச்சிக் கடையைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற என் சித்தியிடம் காரணம் கேட்டால், அவர் சொல்வது வேதமோ ஆகமமோ அல்ல, இந்தக் கதைதான்.

கேள்வி: எங்கள் அப்பாச்சி, பின்னால் இருக்கிற வீட்டில் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது என்கிறா. "அவங்கள் மச்சம் சமைக்கிற ஆக்கள், சுத்தமில்லை" என்கிறா. அந்த வீட்டுப் பிள்ளை என் வகுப்பு.
– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லையா? சனி, ஞாயிறு? சமைப்பீர்கள் என்றால் காரணம் மச்சம் அல்ல. அப்பாச்சிக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் பெயரைப் போடவில்லை.

நான் பெயர் போட்டே எழுதுகிறேன். இணுவிலில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம் இருந்தது. வெங்காயம் கிண்ட வருகிற பெண்களுக்கு அம்மம்மா சிரட்டையில்தான் தண்ணீர் கொடுப்பா. அதுவும் மேலே தூக்கி ஊற்றுவா. வீட்டுக்கு வருகிற மற்றவர்களுக்கு மூக்குப்பேணி. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மம்மாவுக்குக் கை நோ என்று அந்த வேலை என்னிடம் வந்தது. நானும் தூக்கித்தான் ஊற்றினேன். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகியதுதான். 1957இலேயே இப்படிச் சாதி பார்ப்பதற்கெதிராகச் சட்டம் வந்துவிட்டது. அறுபதுகளின் பிற்பாதியில் தேத்தண்ணிக் கடைக்குள் போய்ச் சமமாக இருந்து குடிக்கவேண்டுமென்று ஆட்கள் அடிபட்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லிப் போராட்டம். எங்கள் கிணற்றடியில் சிரட்டை மாறவில்லை.

பிறகு நான் ரீச்சரானேன். ஒரு வருடம் செய்முறைச் சோதனைக்கு ஒரு பிள்ளை வந்தாள். வெங்காயம் கிண்ட வந்த பெண்களில் ஒருத்தியின் மகள். அவளுக்குச் சீட்டில் விழுந்தது இடியப்பமும் சொதியும். சமைத்து முடித்து மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ருசி பார்த்துப் புள்ளி போடவேண்டியவள் நான். அவள் சொதியைப் பார்க்கவில்லை, கரண்டியையும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொதியில் கொஞ்சம் புளி கூட. மற்றபடி அந்த வகுப்பிலேயே நல்ல இடியப்பம் அதுதான். நீங்கள் பின்வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள். அப்பாச்சியோடு சண்டை பிடிக்கவேண்டாம், அவவின் வயதுக்கு விட்டுவிடுங்கள். ஆனால் ஒளித்துக் குடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: விரதத்துக்கு வெங்காயம், உள்ளி போடலாமா?
– மூவர், வெவ்வேறு கடிதங்களில்

பதில்: கண்டிப்பானவர்கள் போடமாட்டார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டுத்தான் பாதி ஊர் பிள்ளைகளைப் படிப்பித்தது. அதை அசுத்தம் என்று என் வாயால் சொல்ல வராது. கோயில் மடையில் போடாதீர்கள், வீட்டில் உங்கள் வழக்கப்படி.

கேள்வி: போயா (பூரணை) நாளில் இறைச்சிக்கடை பூட்டு. பௌத்தர் எல்லாரும் மரக்கறியா?
– கொக்குவில் மாணவி

பதில்: இல்லை. கடை பூட்டுவது அரசாங்க ஒழுங்கு, சாராயக் கடைக்கும் சேர்த்து. பிக்குமார்கூடத் தமக்காகக் கொன்றதென்று கண்டோ, கேட்டோ, சந்தேகித்தோ இராத இறைச்சியைப் பிச்சையாக ஏற்கலாம் என்பது அவர்கள் விதி; மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடுவதுதான் விலக்கு. "தின்பதற்கென்று யாரும் கொல்லாவிட்டால் விலைக்கு விற்பவனும் இருக்கமாட்டான்" என்ற கருத்தில் வள்ளுவர் ஒரு குறள் வைத்திருக்கிறார், புலால் மறுத்தல் அதிகாரத்தில். அதை இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு உங்கள் தமிழ் ரீச்சரைக் கேளுங்கள். எனக்கு இடமில்லை.

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய்க் கறி கட்டாயமா? இந்தமுறை சந்தையில் தேடி அலைந்து, கடைசியில் வாடினதை வாங்கிவந்தேன். பிள்ளைகள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார்கள். கைப்பைக் குறைக்க வழி உண்டா?
– திருநெல்வேலி இல்லத்தரசி

பதில்: அமாவாசை கழிந்துவிட்டது, அடுத்த வருடத்துக்கு எழுதி வையுங்கள். பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டி விதையை நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, ஒருதரம் அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, பழப்புளியும் கட்டிப் பாலும் விட்டுக் கறி வையுங்கள். கைப்புக் குறையும், போகாது. முழுக்கப் போகவேண்டும் என்றால் கத்தரிக்காய் வாங்குங்கள்.

கட்டாயமா என்று கேட்டால், தகப்பன் இல்லாதவர்களுக்குரிய நாள் அது. சித்திரைப் பருவம் தாய்க்கு, ஆடி அமாவாசை தகப்பனுக்கு. கீரிமலையில் தீர்த்தமாடித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, படைத்து, காகத்துக்கு வைத்துச் சாப்பிடுகிற இலையில் யாழ்ப்பாணத்தார் இந்தக் காயைத் தேடுவார்கள். எங்கள் அப்பாவுக்கு அது கண்ணில் காட்டக்கூடாது. வருடத்துக்கு ஒருநாள் தன் தகப்பனுக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு துண்டு விழுங்குவார், உடனே தண்ணீர் குடிப்பார், "சரி, முடிஞ்சுது" என்பார். இப்போது அவருடைய படையலுக்கு நான் அதைத்தான் வைக்கிறேன். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துவிடுவேன்.